"எப்பவும் போல மூச்சு விடறாரா?" – ஒரு கேள்வி வந்த கதை

கொஞ்சம் நீளமான இழை மக்களே. இருக்கிற வேலையை முடிச்சுட்டு நிதானமா படிங்க.

சில மாசம் முன்னாடி ஒரு நைட் டூட்டி. மணி பதினொன்றரை இருக்கும். ஷேர் ஆட்டோவில் ஒருத்தரைத் தூக்கிட்டு வந்தாங்க. ஐம்பது வயசு மதிக்கலாம். பல்ஸ் இல்லை. கண்மணி விரிஞ்சு போயிருந்தது. ஈசிஜியில் நேர்கோடு. வீட்டில் விழுந்து அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"விழுந்ததும் யாராவது நெஞ்சை அழுத்தினீங்களா தம்பி?"ன்னு மகன்கிட்ட கேட்டேன்.

"இல்ல சார். மூச்சு இருந்துச்சே. இழுத்து இழுத்து விட்டுட்டுத்தான் இருந்தாரு. ஆட்டோல ஏத்துற வரைக்கும் இருந்துச்சு."

108-க்கு போன் பண்ணலை. தெருமுனையிலேயே ஆட்டோ நின்னுச்சு, அதனால தோணலை. அவங்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை. அந்தப் பதற்றத்தில் யாரா இருந்தாலும் கையில் கிடைத்த வண்டியில்தான் ஏத்துவாங்க.

ஆனால் அந்தத் தம்பி பார்த்தது மூச்சு இல்லை. அது என்னன்னு கீழே சொல்றேன். அதைப் போன் வழியாகவே கண்டுபிடிக்க ஒரு கேள்வி இருக்கு. ஆம்புலன்ஸ் மையத்தில் போன் எடுக்கிறவர் கேட்கிற கேள்வி. அது உருவான கதைதான் இந்த இழை.

லண்டனில் ஆரம்பிக்கலாம். 1935 நவம்பர் 10. விம்போல் தெரு. நம்ம ஊரில் டாக்டர்கள் எல்லாம் ஒரே ரோட்டில் போர்டு மாட்டியிருப்பாங்களே, அந்த மாதிரித் தெரு. அங்கே ஒரு காது மருத்துவரின் வீட்டில் தீப்பிடித்தது. ஐந்து பெண்கள் இறந்துபோனார்கள்.

தீயைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் உடனே போனை எடுத்து எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டார். அவர் அழைப்பு வரிசையில் நின்றது. அன்றைக்கு எல்லா அழைப்பும் ஆபரேட்டருக்கு ஒரே மாதிரிதான் தெரியும். நம்பர் விசாரிக்கிறவருக்கும் ஒரு விளக்கு, எதிர் வீடு எரிகிறதுன்னு சொல்ல வர்றவருக்கும் அதே விளக்கு. எது அவசரம்னு எடுத்துப் பேசினால்தான் தெரியும்.

அந்த மனுஷன் கோபத்தில் டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அரசு விசாரணைக் குழு போட்டது. (குழு போட்டதோடு விஷயம் முடிஞ்சிருக்கும்னு நீங்க நினைச்சா தப்பில்லை. ஆனா முடியலை.) 1937 ஜூன் 30-ஆம் தேதி லண்டனில் 999 வந்தது. அந்த எண்ணில் அழைத்தால் எக்ஸ்சேஞ்சில் சிவப்பு விளக்கு எரியும், ஹாரன் அலறும். வரிசையை உடைத்துக்கொண்டு அந்த அழைப்பு முன்னால் வரும்.

ஏன் 999? பழைய சுழற்றுற டயல் போன் ஞாபகம் இருக்கா? விரல் போய் முட்டுகிற இடத்தில் இருப்பது 0. அதுக்கு அடுத்த ஓட்டை 9. புகையிலோ இருட்டிலோ தடவிப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். 111 வைத்தால் காற்றில் கம்பிகள் உரசினாலே அழைப்பு போய்விடும் அபாயம் இருந்தது. 0 ஏற்கெனவே ஆபரேட்டருக்குப் போயாச்சு. காசு போடும் பூத்களில் 9-ஐ இலவசமாக்குவதும் சுலபம். யோசிச்சுத்தான் வெச்சிருக்காங்க.

ஆனால் கவனிங்க. 999 தீர்த்தது வரிசைப் பிரச்சினையை மட்டும்தான். போனை எடுத்த பெண்மணியின் வேலை, எந்த சேவை வேணும்னு கேட்டு, தீயணைப்புக்கோ போலீசுக்கோ ஆம்புலன்சுக்கோ இணைப்பைக் கொடுப்பது. அதுக்கு மேல அவங்க பேசக் கூடாது, பேசவும் தெரியாது.

அமெரிக்காவில் ஒரே அவசர எண் வர இன்னும் முப்பது வருஷம் ஆனது. 1968 பிப்ரவரி 16, அலபாமா மாநிலத்தில் ஹேலிவில் என்ற சின்ன ஊர். பெரிய டெலிபோன் கம்பெனி 911-ஐ அறிவித்துவிட்டு ஏற்பாடு செய்துகொண்டிருந்தபோதே, உள்ளூர் சிறிய கம்பெனி ஒன்று முந்திக்கொண்டு முதல் 911 அழைப்பை நடத்திக் காட்டியது. அங்கேயும் போன் எடுத்தவரின் வேலை விலாசம் வாங்கி வண்டி அனுப்புவதுதான். ஆங்கிலத்தில் இவங்களுக்கு டிஸ்பாட்சர்னு பெயர். அனுப்பி வைக்கிறவர். பெயரே அவ்வளவுதான்.

இப்ப என் துறைக்கு வர்றேன்.

இதயம் நின்றுபோனால் நான்கைந்து நிமிஷத்தில் மூளை சேதமாக ஆரம்பிக்கும். நெஞ்சை அழுத்தாமல் போகும் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு சுமார் 7 முதல் 10 சதவீதம் குறையும். எவ்வளவு வேகமான ஆம்புலன்சும் சாலையில்தான் வரணும். 1960-லேயே அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள், நெஞ்சைத் திறக்காமல் வெளியிலிருந்து கையால் அழுத்தியே ரத்தத்தை ஓட வைக்கலாம்னு எழுதிட்டாங்க. கருவி தேவையில்லை, இரண்டு கை போதும். அந்த இரண்டு கை பெரும்பாலும் வீட்டில், நோயாளியின் பக்கத்திலேயே இருக்கு. போனையும் அதே ஆள்தான் பிடிச்சிட்டு நிற்கிறார்.

அப்ப மறுமுனையில் இருப்பவர் சொல்லிக் கொடுத்தால் என்ன?

இன்றைக்குச் சாதாரணமாகத் தெரிகிற இந்த யோசனை 1970களின் நடுவில்தான் நடைமுறைக்கு வந்தது. அரிசோனா மாநிலம் ஃபீனிக்ஸ் நகரத் தீயணைப்புத் துறையில் போன் எடுத்த ஒரு பாராமெடிக், மூச்சு நின்ற குழந்தையின் தாய்க்கு என்ன செய்யணும்னு வாய்மொழியாகவே சொல்லிக் கொடுத்தார். யாரும் அவருக்கு அப்படிப் பயிற்சி கொடுத்ததில்லை. வண்டி போய்ச் சேர்வதற்குள் ஏதாவது செய்யணுமேன்னு அவராகச் செய்தது.

பல ஊர்களில் நிர்வாகத்துக்கு இது பிடிக்கலை. போனில் சொல்லப்போய் ஏதாவது தப்பாகிவிட்டால் கேஸ் போடுவாங்களேன்னு பயம். "விலாசத்தை வாங்கு, வண்டியை அனுப்பு, போனை வை."

சால்ட் லேக் சிட்டியில் ஜெஃப் கிளாசன்னு ஒரு மருத்துவர். மருத்துவம் படிக்கப் போவதற்கு முன்னாடி ஆம்புலன்சில் வேலை பார்த்தவர், போன் எடுத்து வண்டி அனுப்பும் நாற்காலியிலும் உட்கார்ந்தவர். 1970களின் கடைசியில் இவர் அட்டைகள் எழுதினார். நெஞ்சுவலின்னு சொன்னால் ஒரு அட்டை, வலிப்புன்னா ஒரு அட்டை, பிரசவம்னா ஒரு அட்டை. என்ன கேள்வி கேட்கணும், எந்தப் பதிலுக்கு எந்த வண்டி போகணும், வண்டி போகும் வரை வீட்டில் இருப்பவரை என்ன செய்யச் சொல்லணும், எல்லாம் வார்த்தைக்கு வார்த்தை அதில் இருக்கும். இன்றைக்கு உலகின் பல நாடுகளில் கம்ப்யூட்டர் திரையில் ஓடுவது இந்த அட்டைகளின் வாரிசுதான். எனக்கு ஒரு விஷயம் ரொம்பப் பிடிச்சது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்த ஆளுக்குத்தான் இதை எழுதத் தோணியிருக்கு.

சரி, கேள்வி கேட்பது எப்பவும் நல்லதா? டல்லாஸ் நகரத்துக் கதையைக் கேளுங்க.

1984 ஜனவரி. தேவையில்லாத அழைப்புகளைத் தடுக்க அங்கே நர்ஸ்களை வைத்து அழைப்புகளை வடிகட்டும் முறை இருந்தது. ஒரு மனிதர் கூப்பிட்டு, வளர்ப்புத் தாய்க்கு மூச்சுவிடக் கஷ்டமா இருக்கு, ஆம்புலன்ஸ் அனுப்புங்கன்னு கேட்டார். போனில் இருந்த நர்ஸ், அந்த அம்மாவிடமே பேசணும் என்றார். அவங்களால் பேச முடியலை என்றார் இவர். நர்ஸ் விடலை. வாக்குவாதம் ஆனது. கடைசியில் ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது அந்த அம்மா இறந்திருந்தார். அந்த உரையாடலின் ஒலிப்பதிவு நாடு முழுக்க ஒலிபரப்பாகி, பெரிய கொந்தளிப்பு.

நான் அந்த நர்ஸை அரக்கியாகப் பார்க்கலை. ஒரு நாளைக்கு எத்தனை பொய் அழைப்பு எடுத்திருப்பாரோ. ஆனால் "பேச முடியலை" என்பதே அந்த அழைப்பின் மிக முக்கியமான மருத்துவத் தகவல். அவர் காதில் அது வாக்குவாதமாக விழுந்தது. கேள்வி தன் சந்தேகத்தைத் தீர்க்கவா, நோயாளியின் உயிரைக் காக்கவா என்பதில்தான் எல்லாம் இருக்கு.

அதே 1980களில், வாஷிங்டன் மாநிலத்தில் சியாட்டில் நகரைச் சுற்றிய கிங் கவுன்ட்டியில், மிக்கி ஐசன்பெர்க் என்ற மருத்துவரும் அவர் குழுவும் வேறு வழியில் போனார்கள். போன் எடுப்பவர்களுக்கு நெஞ்சை அழுத்தச் சொல்லிக் கொடுக்கப் பயிற்சி தந்தார்கள். 1985-ல் முடிவை வெளியிட்டார்கள். இதயம் நின்றவர்களில், பக்கத்தில் இருந்தவர்களே சிபிஆர் செய்த விகிதம் 45 சதவீதத்திலிருந்து 56-ஆக ஏறியிருந்தது. புது மருந்து இல்லை, புது மெஷின் இல்லை.

இந்த முறை கடைசியில் வந்து நின்றது இரண்டு கேள்விகளில். ஒன்று, நினைவு இருக்கா? இரண்டு, எப்பவும் போல மூச்சு விடறாரா? இரண்டுக்கும் "இல்லை"ன்னா மேற்கொண்டு விசாரணை கிடையாது. நெஞ்சை அழுத்தச் சொல்லிடணும்.

இரண்டாவது கேள்வியில் "எப்பவும் போல" என்பதைக் கவனிச்சீங்களா? நம்ம ஆட்டோ தம்பி கதை இங்கேதான் வருது.

இதயம் நின்ற பிறகும் மூளைத்தண்டு கொஞ்ச நேரம் உயிரோடு இருக்கும். அது கடைசியாக அனுப்பும் கட்டளையில் நோயாளி வாயைத் திறந்து மீன் மாதிரி காற்றை இழுப்பார். ஒரு இழுப்பு, அப்புறம் நீண்ட இடைவெளி, மறுபடி ஒரு இழுப்பு. சில சமயம் குறட்டை மாதிரி, முனகல் மாதிரி, தொண்டையில் கொளகொளன்னு சத்தம் வரும். மருத்துவத்தில் அகோனல் மூச்சுன்னு சொல்வோம். அது மூச்சே இல்லை. நுரையீரலுக்குப் பயன்படும் அளவுக்குக் காற்று போகாது.

கிங் கவுன்ட்டி குழு 445 இதய நிறுத்த நிகழ்வுகளை ஆராய்ந்து 1992-ல் எழுதினாங்க. அதில் 40 சதவீதம் பேருக்கு இந்த இழுப்பு இருந்தது. "மூச்சு விடறாரா?"ன்னு மட்டும் கேட்டால் வீட்டுக்காரங்க என்ன சொல்வாங்க? "ஆமா, விடறாரு." அதோட நெஞ்சை அழுத்தும் பேச்சு முடிஞ்சுது.

எனக்குத் தூக்கம் கெட்டது அதே ஆய்வின் அடுத்த எண்ணில்தான். இந்த இழுப்பு இருந்தவர்களில் 27 சதவீதம் பேர் உயிரோடு வீட்டுக்குப் போனார்கள். இல்லாதவர்களில் 9 சதவீதம்தான். அதாவது, காப்பாற்ற அதிக வாய்ப்பு உள்ளவரைத்தான் "மூச்சு இருக்கே"ன்னு நாம் அழுத்தாமல் விடுகிறோம்.

தமிழில் இதுக்கு வார்த்தையே இருக்கு. "உயிர் இழுத்துக்கிட்டு கிடக்கு"ன்னு நம்ம பாட்டிமார் சொல்வாங்க. அதைப் பார்த்ததும் சொந்தக்காரங்களுக்குத் தகவல் சொல்ல ஆள் அனுப்புவாங்க. அது சாவின் வாசல்னு நமக்கு நல்லாத் தெரியும். போனில் யாராவது கேட்டால் மட்டும் "மூச்சு இருக்குங்க"ன்னு சொல்லிடுவோம்.

இன்னொரு விஷயமும் போன் எடுப்பவர்களாலேயே தெரியவந்தது. அந்தக் காலத்தில் சிபிஆர்னா வாயோடு வாய் வைத்து ஊதணும். முன்பின் தெரியாதவருக்குப் போனில் இதைச் சொல்லிப் புரியவைக்க நேரம் ஆகும். சியாட்டிலில் சில அழைப்புகளுக்கு ஊதவும் அழுத்தவும் சொன்னார்கள், சிலவற்றுக்கு அழுத்த மட்டும். எது யாருக்கு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். 2000-ல் முடிவு வந்தது. அழுத்த மட்டும் சொன்ன பிரிவில் 14.6 சதவீதம் பேர் பிழைத்தார்கள், ஊதவும் சொன்ன பிரிவில் 10.4 சதவீதம். புள்ளியியல்படி இது உறுதியான வித்தியாசம் இல்லை. ஆனால் ஊதாமல் விட்டதால் நஷ்டம் இல்லைன்னு தெரிஞ்சது, சொல்லிக் கொடுக்கும் நேரமும் 1.4 நிமிஷம் மிச்சம். பயிற்சி இல்லாத பெரியவங்களுக்கு "நெஞ்சின் நடுவில் வேகமா, ஆழமா அழுத்துங்க, அது போதும்"னு இன்றைக்கு நாங்கள் சொல்வதன் பின்னால் அந்த நாற்காலிகளில் நடந்த ஆராய்ச்சியும் இருக்கு.

இவ்வளவுக்கும் அமெரிக்க அரசின் 2018 தொழில் வகைப்பாட்டில் இவங்க அலுவலக உதவிப் பணியாளர்கள் வரிசையில்தான் இருக்காங்க. கிளார்க்குகளோட. குழந்தை பேச்சுமூச்சில்லாமல் கிடக்க, தாயின் அலறலைக் காதில் வாங்கிக்கிட்டே "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு"ன்னு கூட எண்ணுறவங்க. வண்டி போய்ச் சேர்ந்ததும் போன் கட் ஆகிடும். குழந்தை பிழைச்சதா இல்லையான்னு பெரும்பாலும் அவங்களுக்குத் தெரியவே தெரியாது. எனக்காவது கேஸ் ஷீட்டில் முடிவு தெரியும். அவங்களுக்கு அடுத்த அழைப்பு வந்திருக்கும்.

நம்ம 108 ஹைதராபாத்தில் 2005 ஆகஸ்ட் 15-ல் ஆரம்பிச்சது, தமிழ்நாட்டுக்கு 2008 செப்டம்பர் 15-ல் வந்தது. நீங்க கூப்பிட்டால் போகும் இடம் உங்க ஊர் ஆஸ்பத்திரி இல்லை, சென்னையில் இருக்கும் மையம். அதனால்தான் மாவட்டம், ஊர், பக்கத்தில் என்ன அடையாளம்னு கேட்கிறாங்க. "வண்டிய அனுப்புய்யா, அப்புறம் கேளு"ன்னு திட்டுறவங்களை நானே பார்த்திருக்கேன். கூடவே உங்களுக்குத் தெரிந்ததையும் சொல்லுங்க. கூப்பிட்டா முழிக்கலை, மூச்சு எப்பவும் போல இல்லை, இழுக்குது. அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்க. ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வையுங்க. அப்பதான் இரண்டு கையும் சும்மா இருக்கும்.

அந்தத் தம்பி சில நாள் கழிச்சு சர்டிபிகேட் விஷயமா ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஓபி முடியும் வரை வெளியே காத்திருந்து உள்ளே வந்தார். "சார், நாங்க ஏதாவது தப்பு பண்ணிட்டோமா?"ன்னு கேட்டார்.

"இல்லப்பா, நீங்க சீக்கிரமாத்தான் கொண்டு வந்தீங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டேன்.