நாலரை ஏக்கர், 600 பாட்டில்: ரொமானே கோந்தியின் கடைசிப் பழைய கொடிகள்

2018 அக்டோபர்ல, நியூயார்க்ல நடந்த சதபீஸ் ஏலத்துல ஒரே ஒரு ரெட் ஒயின் பாட்டில் 5,58,000 டாலருக்குப் போச்சு. ஏலத்துக்கு முன்னாடி அதுக்குப் போட்ட மதிப்பு அதிகபட்சம் 32,000 டாலர்தான். பாட்டில் மேல இருந்த பேரு ரொமானே கோந்தி, வருஷம் 1945. காசு இருக்கிறவங்க கிறுக்குத்தனம்னு சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா அந்தப் பாட்டிலுக்குப் பின்னாடி ஒரு பூச்சியும், ஒரு போரும், மனசைக் கல்லாக்கிக்கிட்டு எடுத்த ஒரு முடிவும் இருக்கு.

பிரான்ஸ்ல, பர்கண்டி பகுதியில இருக்கிற சின்ன கிராமம் வோன் ரொமானே. ரொமானே கோந்தி அங்க இருக்கிற ஒரு திராட்சைத் தோட்டம். மொத்தமே 1.8 ஹெக்டேர், அதாவது சுமார் நாலரை ஏக்கர். 1760ல கோந்தி இளவரசர் இதை வாங்கினார். பேருல அவர் பட்டம் ஒட்டிக்கிட்டது அப்படித்தான். விளையிறது பினோ நுவார்ங்கிற கருந்திராட்சை.

1860கள்ல அமெரிக்காவுல இருந்து வந்த கொடிகளோட ஃபிலாக்ஸெராங்கிற குட்டிப் பூச்சியும் பிரான்ஸுக்குள்ள வந்துடுச்சு. பேன் மாதிரி வேர்ல ஒட்டிக்கிட்டுச் சாறை உறிஞ்சும். தோட்டம் தோட்டமா கொடிகள் பட்டுப்போக, 1868ல ப்ளான்ஷோன்ங்கிற தாவரவியலாளரும் அவர்கூடப் போனவங்களும் வேரைத் தோண்டிப் பார்த்துத்தான் குற்றவாளியைக் கண்டுபிடிச்சாங்க.

தீர்வும் அமெரிக்காவுல இருந்தே வந்தது. அந்த ஊர்க் கொடியோட வேர் இந்தப் பூச்சியைத் தாங்கும். அதனால கீழ அமெரிக்க வேர், மேல பிரெஞ்சுக் கொடி. நம்ம ஒட்டு மாங்கன்று மாதிரிதான். கொஞ்சம் கொஞ்சமா பிரான்ஸே ஒட்டுக்கு மாறிடுச்சு.

ஆனா ரொமானே கோந்தி உடனே மாறல. அங்க தலைமுறை தலைமுறையா பதியம் போட்டுத்தான் கொடியைப் பெருக்கினாங்க. பழைய கொடியோட கிளையை வளைச்சு மண்ணுல புதைச்சா, அது வேர் விட்டுப் புதுக்கொடி ஆயிடும். அந்தத் தொடர்ச்சியை அறுக்க மனசு வரல. அதனால கார்பன் டைசல்பைடுங்கிற விஷத்தைப் பெரிய ஊசி மாதிரி ஒரு கருவியால மண்ணுக்குள்ள செலுத்தினாங்க. தீப்பிடிக்கிற ரசாயனம், கூலி அதிகம், பூச்சியும் முழுசா அழியாது. நாங்க பழைய சிஸ்டத்துக்குப் பேட்ச் மேல பேட்ச் போட்டு ஓட்டுற மாதிரி, இவங்க பல பத்து வருஷம் ஓட்டினாங்க.

இரண்டாம் உலகப் போர் அதையும் நிறுத்திடுச்சு. ஆளும் இல்ல, ரசாயனமும் கிடைக்கல. கொடிகள் தளர்ந்துபோச்சு. 1945 வசந்தத்துல உறைபனி வேற. வயசான கொடி பொதுவாவே காய்ப்பு கம்மி. காய்க்கிற கொஞ்சத்துல சுவை செறிவா இருக்கும்னு சொல்வாங்க. அந்த வருஷம் மொத்தமே சுமார் 600 பாட்டில்தான் தேறுச்சு. அறுவடை முடிஞ்சதும், எல்லாக் கொடியையும் வேரோட பிடுங்கிட்டாங்க.

1947ல ஒட்டுக்கொடி நட்டாங்க. 1946ல இருந்து 1951 வரைக்கும் ரொமானே கோந்தின்னு ஒரு பாட்டில்கூட வரல. இளங்கொடியில வந்ததுக்கு அந்தப் பேரைக் கொடுக்க அவங்க தயாரா இல்ல. அடுத்த ஒயின் 1952ல.

சரி, அது அதே ஒயினா? புதுக்கொடிக்கான கிளைகள் வந்தது அதே உரிமையாளர்களோட லா டாஷ் தோட்டத்துல இருந்து. லா டாஷுக்கு முன்னாடி போன கிளைகளோ ரொமானே கோந்தியோடது. அதாவது பேக்கப் பக்கத்துலயே உயிரோட இருந்திருக்கு. வேர் மாறுச்சு, வம்சம் மாறல.

இன்னொரு விஷயம். இன்னைக்குப் பல பிரெஞ்சு பாட்டில்கள்ல 'வியே வீன்ய', அதாவது பழைய கொடின்னு போட்டிருக்கும். எத்தனை வயசானா பழசுன்னு அங்க சட்டம் எதுவும் சொல்லல. அதனால அந்த வார்த்தையை மட்டும் நம்பிக் காசு கொடுக்காதீங்க. யார் போட்டிருக்காங்கன்னு பாருங்க.

1947ல நட்டதுல மிஞ்சி நிக்கிற கொடிகளுக்கு இப்போ 75 வயசுக்கு மேல. அன்னைக்கு மனசில்லாம நட்ட ஒட்டுக்கன்றுகளைத்தான் இன்னைக்குப் பழைய கொடின்னு கொண்டாடுறாங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!