கடப்பாரையுடன் கூரையேறிய கன்னியாஸ்திரீ

மிஷனரிகள் விட்டுச்சென்ற நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் வரலாற்று மாணவர் எவ்வாறு வாசிப்பது? பக்தியோடு வாசித்தால் அவை புனிதர் வரலாறாகிவிடுகின்றன. ஐயத்தோடு மட்டுமே வாசித்தால் வெறும் ஆதிக்கப் பிரச்சாரமாகச் சுருங்கிவிடுகின்றன. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழி உண்டா என்று தேடுகையில் எனக்கு உதவிய ஒரு நூலைப் பற்றி இங்கே பகிர விழைகிறேன்.

பிளாண்டினா செகாலே 1850இல் இத்தாலியின் ஜெனோவாவுக்கு அருகிலுள்ள சிக்காஞ்ஞா என்னும் மலையூரில் பிறந்தவர். சிறுவயதிலேயே குடும்பத்தோடு அமெரிக்காவின் சின்சினாட்டி நகருக்குப் புலம்பெயர்ந்து, 16 வயதில் அங்குள்ள அறப்பணிச் சகோதரிகள் சபையில் சேர்ந்தார். 1872இல், தம் 22ஆம் வயதில், டிரினிடாடுக்குச் செல்லுமாறு அவருக்குப் பணி ஆணை வந்தது. கரீபியன் கடலிலுள்ள தீவுக்குத்தான் அனுப்புகிறார்கள் என்று மகிழ்ந்தாராம். அவர் போய்ச் சேர்ந்ததோ கொலராடோவின் தென்கோடியில் இருந்த, மண்வீடுகள் நிறைந்த ஒரு சிற்றூர்.

அவ்வூரின் பின்புலம் முக்கியமானது. 1848ஆம் ஆண்டின் குவாதலூப்பே இதால்கோ உடன்படிக்கைக்கு முன்பு அந்நிலம் மெக்சிகோவினுடையது. 1860களில் நியூ மெக்சிகோவிலிருந்து வடக்கே வந்த ஸ்பானிய மொழிக் குடும்பங்களே அங்கு பெருமளவில் குடியேறின. பின்னர் ஆங்கிலம் பேசுவோர் வரவர உரசல் வளர்ந்தது; 1867 கிறிஸ்துமஸ் நாளில் அது ஆயுத மோதலாகவே வெடித்தது. ஐந்தாண்டு கழித்து, அந்தக் காயம் ஆறாத ஊருக்குள் இந்த இளம்பெண் ஆசிரியராக நுழைந்தார்.

தம்மைப் போலவே துறவு பூண்டிருந்த தமக்கை ஜஸ்டினாவுக்காக அவர் குறிப்புகள் எழுதிவைத்தார். வகுப்பறை, நோயாளிகளின் படுக்கை, சிறைக்கூடம், ஏழைகளின் குடிசை என அவருடைய நாட்கள் சுழல்வதை அவற்றில் காண்கிறோம். அவற்றுள் ஒரு நிகழ்ச்சி புகழ்பெற்றது. பழைய பள்ளிக் கட்டடம் சிதைந்துவிட்டது. புதிது கட்டக் கையில் பணமில்லை. அவர் ஒரு கடப்பாரையை வாங்கிக்கொண்டு கூரைமீதேறி, மண்கற்களைத் தாமே பெயர்க்கத் தொடங்கினார். அவ்வழியே வந்த ஓர் உள்ளூர்ப் பெண்மணி திகைத்துக் கேட்டபோது, பள்ளி திறப்பதற்குள் புதிய கட்டடம் வேண்டும் என்று விடையளித்தார். சற்று நேரத்தில் ஆட்கள் வந்தார்கள்; பொருள்கள் வந்தன; பள்ளி எழுந்தது.

இதைத் துணிவின் கதையாகவே பலரும் எடுத்துரைக்கின்றனர். துணிவு உண்மைதான். ஆயினும் கட்டியவர்கள் யார்? களிமண்ணையும் வைக்கோலையும் குழைத்து, வெயிலில் உலர்த்தி, சுவரெழுப்பும் கலை அம்மக்களுடையது. சுவர் பூசும் கைத்திறன் தலைமுறை தலைமுறையாக அவர்களுடைய பெண்களிடம் இருந்தது. ‘தொண்டு’ என்று ஆவணம் பெயரிடுவது ஒரு திசையில் மட்டும் ஓடவில்லை. கற்பிக்க வந்தவருக்கு, இருக்க இடத்தைக் கொடுத்தவர்கள் கற்க வந்த குழந்தைகளின் வீட்டார். இச்செய்தியைச் சகோதரியின் எழுத்தே, தான் அறியாமல், நமக்குச் சொல்லிவிடுகிறது.

எச்சரிக்கையும் தேவை. குறிப்புகள் நூலாக வெளிவந்தது 1932இல்தான்; நிகழ்ச்சிகளுக்கும் அச்சுக்கும் இடையே அறுபதாண்டு. 1876 வாக்கில் ‘பில்லி தி கிட்’ என்னும் கொள்ளையனைச் சந்தித்ததாக அவர் எழுதுகிறார். ஆனால் அப்பெயரால் உலகறிந்த இளைஞன் அக்காலத்தில் அரிசோனாவில் இருந்தான். அவர் கண்டது அதே புனைபெயர் கொண்ட வேறொருவனாகலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். நினைவும் புகழும் கலந்துவிடும் இடங்களில் பிற சான்றுகளோடு ஒப்பிட்டே நடக்க வேண்டும்.

அத்தகைய ஒப்பீட்டுக்கு அதே ஊரில் ஒருவர் இருக்கிறார். காசிமிரோ பரேலா, ஸ்பானிய மொழிக் குடும்பத்தவர். 1876இல் கொலராடோ மாநில அரசமைப்பு வரையப்பட்டபோது அவை உறுப்பினராக இருந்தவர். சட்டங்கள் 1900 வரை ஆங்கிலத்தோடு ஸ்பானியத்திலும் ஜெர்மனிலும் அச்சிடப்பட வேண்டும் என்னும் விதி இடம்பெற அவருடைய உழைப்பே பெருங்காரணம். மிஷனரியின் ஏட்டில் உதவி பெறுவோராகத் தோன்றும் அதே சமூகம், சட்டமன்றத்தின் ஏட்டில் தன் மொழிக்கான உரிமையைத் தானே வாதாடிப் பெறுகிறது.

இவ்விரு ஏடுகளையும் அருகருகே வைக்கும்போது எவரும் சிறுமையடைவதில்லை. கூரையேறிய இளம்பெண்ணின் மனவலிமை குறையவில்லை. அவருக்குத் தோள்கொடுத்த மக்களின் முகங்கள் மட்டும் தெளிவடைகின்றன. மிஷனரி ஆவணங்களோடு பணியாற்றும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பணியாற்றியவரின் பெயர் ஏட்டிலேயே இருக்கிறது, மண் குழைத்த கைகள் யாருடையவை என்பதையும் தேடுங்கள்.