ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம்: கால்பந்து வீரர்களின் ஒப்பந்தத் தளையை எதிர்த்து வழக்காடியவர்

இங்கிலாந்தின் பிளாக்பூல் நகரில் 1936 செப்டம்பர் 23 அன்று பிறந்த ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம், நியூகாசில் யுனைடெட், ஆர்சனல், ஸ்டோக் சிட்டி ஆகிய அணிகளுக்காக ஆடிய தொழில்முறைக் கால்பந்து வீரர் ஆவார். மெலிந்த உடல்வாகு கொண்ட அவர், பந்தை நுட்பமாகப் பகிர்ந்தளிப்பதில் தேர்ந்தவர். ஆயினும், அவரது பெயர் ஆடுகளத்தைவிட ஒரு நீதிமன்றத் தீர்ப்பின் மூலமே அதிகம் நினைவுகூரப்படுகிறது.

அவரது தந்தையின் பெயரும் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம்தான். இங்கிலாந்து தேசிய அணிக்கு ஆடிய முதல் தந்தை-மகன் இணை இவர்களே. வடக்கு அயர்லாந்தின் ஆர்ட்ஸ் அணியில் தந்தையுடன் ஆடிவந்த மகனை, 1956-இல் நியூகாசில் அணி ஒப்பந்தம் செய்தது.

அக்காலத்தில் இங்கிலாந்து வீரர்களின் வார ஊதியத்துக்கு 20 பவுண்டு என்ற உச்சவரம்பு இருந்தது. அதைவிடக் கடுமையானது, ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னரும் வீரரின் பதிவைக் கழகமே தக்கவைத்துக்கொள்ளும் விதி. கழகம் விடுவிக்க மறுத்தால், அவர் வேறெந்த லீக் அணியிலும் ஆட இயலாது. புதிய ஒப்பந்தத்தை ஏற்காதவருக்கு ஊதியமும் கிடையாது. இதனை அடிமைமுறைக்கு ஒப்பிட்டவர்கள் உண்டு. அது மிகை எனலாம். ஆனால் வேறெந்தத் தொழிலாளியும் அத்தகைய நிபந்தனையை ஏற்றிருக்க மாட்டார்.

கழகம் அளித்த வீடு உள்ளிட்டவற்றில் அதிருப்தியுற்ற ஈஸ்ட்ஹாம், இடமாற்றம் கோரினார். கழகம் மறுத்தது. 1959-60 பருவத்தின் முடிவில் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்த அவர், தென் இங்கிலாந்தின் சர்ரே பகுதிக்குச் சென்று, நண்பர் ஒருவரின் நிறுவனத்தில் தக்கை விற்பனை செய்து பிழைத்தார். சில மாதங்களுக்குப் பின் நியூகாசில் இறங்கி வந்து, 47,500 பவுண்டுக்கு அவரை ஆர்சனலுக்கு விற்றது.

விரும்பியது கிடைத்துவிட்ட நிலையில் அவர் அமைதியாக இருந்திருக்கலாம். ஆனால், தொழில்முறை வீரர்கள் சங்கத்தின் நிதியுதவியுடன் நியூகாசில் மீது அவர் வழக்குத் தொடுத்தார். ஊதிய உச்சவரம்பு 1961 ஜனவரியில், வேலைநிறுத்த அச்சுறுத்தலுக்குப் பின் நீக்கப்பட்டிருந்தது. தக்கவைப்பு விதி மட்டும் எஞ்சியிருந்தது. 1963-இல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ், அவ்விதி தொழில் செய்யும் உரிமையை நியாயமற்ற முறையில் கட்டுப்படுத்துவதாகத் தீர்ப்பளித்தார். இதையடுத்து லீக் நிர்வாகம் விதிகளைத் திருத்த நேர்ந்தது. எனினும் இடமாற்றக் கட்டணம் நீடித்தது. ஒப்பந்தம் முடிந்த வீரர் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிடையே கட்டணமின்றி அணி மாறும் உரிமை, 1995-ஆம் ஆண்டு போஸ்மன் வழக்கில்தான் கிட்டியது.

ஈஸ்ட்ஹாம் இங்கிலாந்துக்காக 19 போட்டிகளில் ஆடினார். 1966 உலகக் கோப்பை வென்ற அணியில் இடம்பெற்றும், ஒரு போட்டியிலும் களமிறங்கவில்லை. இறுதிப் போட்டியில் ஆடாத அணி உறுப்பினர்களுக்கு 2009-இல்தான் பதக்கம் வழங்கப்பட்டது.

1966-இல் ஸ்டோக் சிட்டியில் சேர்ந்த அவர், 1972 லீக் கோப்பை இறுதிப் போட்டியில் செல்சி அணிக்கு எதிராக வெற்றி கோலை அடித்தார். 2-1 என முடிந்த அந்த ஆட்டமே ஸ்டோக்குக்கு முதல் பெரிய கோப்பையை ஈட்டித் தந்தது. அப்போது அவருக்கு வயது 35. பின்னாளில் தென்னாப்பிரிக்காவில் குடியேறிய ஈஸ்ட்ஹாம், 2024 டிசம்பரில் தமது 88-ஆவது வயதில் காலமானார்.