முசவ்விர் ஜங்கும் 50 எம்எம் லென்ஸும்

ஊருக்குப் போகும்போது அம்மா அப்பாவை நல்லா நாலு படம் எடுக்கணும்னு ஒரு டிஎஸ்எல்ஆரும், கூடவே 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸும் வாங்கின நம்மாளுங்க ஏராளம். லீவு முடிஞ்சு திரும்பி வந்து கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தா, அம்மா காதுல இருக்கற தோடு பளிச்சுன்னு இருக்கும்; கண்ணு மட்டும் மசமசன்னு இருக்கும். மறுபடி எடுக்க அடுத்த லீவு வரணும். வயசானவங்க விஷயத்துல அடுத்த லீவுங்கறது நம்ம கையில இல்லை.

இந்தத் தலைவலி டிஜிட்டல் காலத்துல வந்ததுன்னு நினைச்சா தப்பு. இதுக்கு வயசு 180க்கு மேல. அந்தக் கதையில நான் இப்ப பொட்டி தட்டிட்டிருக்கற ஹைதராபாத்துக்கும் ஒரு நல்ல இடம் உண்டு.

1839ல டாகேர் தன்னோட படமெடுக்கும் முறையை அறிவிச்சப்போ இருந்த லென்ஸ் ரொம்ப மந்தம், எஃப் 15 அளவுதான். வெயில்ல நிமிஷக்கணக்கா அசையாம உட்காரணும். அடுத்த வருஷமே வியன்னாவில் ஜோசப் பெட்ஸ்வால்ங்கற கணக்கு வாத்தியார் எஃப் 3.6ல ஒரு லென்ஸைக் கணக்குப் போட்டு வடிவமைச்சார். ஃபோக்ட்லாண்டர் அதைச் செஞ்சு வித்தார். ஏறக்குறைய 17 மடங்கு வெளிச்சம்! உலகத்தின் முதல் வேகமான போர்ட்ரெய்ட் லென்ஸ் அதுதான். நடுவில் கூர்மை, ஓரத்தில் கலங்கல். இன்னிக்கு நாம காசு கொடுத்துத் தேடற அதே மங்கலான பின்னணி.

வேகம் வந்ததும் வம்பும் வந்தது. துளை பெரிசானா, கூர்மையா விழற ஆழம் குறைஞ்சுடும். அதோட அந்தக் காலத் தகடுகள் நீல வெளிச்சத்தைத்தான் நல்லா உணரும்; நம்ம கண்ணோ மஞ்சள், பச்சையை வச்சு ஃபோகஸ் பண்ணும். ரெண்டும் ஒரே இடத்தில் குவியாது. கண்ணுக்குச் சரியாத் தெரிஞ்சது தகட்டில் தள்ளிப் போய் விழுந்தது. லண்டனில் க்ளோடே என்பவர் 1840களில் இதை ஆராய்ஞ்சு, எவ்வளவு தள்ளுதுன்னு அளக்கவே ஒரு கருவி செஞ்சார். இன்னிக்கு ‘பேக் ஃபோகஸ்’னு புலம்பறோமே, அதுக்கு இதைத் தாத்தான்னு சொல்லலாம் :-)

இப்ப ஹைதராபாத். மீரட் பக்கத்துல சர்தனாவில் 1844ல பிறந்து, ரூர்க்கியில் இன்ஜினியரிங் படிச்சு, இந்தூரில் பொதுப்பணித் துறை வேலையில் இருந்தவர் தீன் தயாள். அவரும் நம்மள மாதிரி பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த டெக்னிகல் ஆள்தான். 1880களில் ஆறாம் நிஜாம் மெஹபூப் அலி கானின் அரசவைப் புகைப்படக்காரர் ஆனார். செகந்திராபாத்தில் ஸ்டுடியோ போட்டார். 1892ல கோஷாப் பெண்களுக்குன்னே ஹைதராபாத்தில் தனி ஸ்டுடியோ ஆரம்பிச்சு, அதை ஒரு ஆங்கிலேயப் பெண்மணியிடம் ஒப்படைச்சார். நிஜாம் அவருக்கு ‘முசவ்விர் ஜங்’ பட்டம் கொடுத்தார். 1905ல இறந்தார். அவரோட கண்ணாடி நெகட்டிவ்கள் ஆயிரக்கணக்கில் டெல்லி இந்திரா காந்தி தேசியக் கலை மையத்தில் இருக்கு.

அந்தப் படங்களில் முகத்தைப் பாருங்க, ஒவ்வொரு மீசை முடியும் எண்ணலாம். எப்படி? அந்தக் கால ஸ்டூடியோ காமிராவில் தகடு வைக்கப் போற அதே இடத்தில் முதலில் தேய்ச்ச கண்ணாடி இருக்கும். கறுப்புத் துணிக்குள்ள தலையை விட்டு, தலைகீழாத் தெரியற பிம்பத்தைப் பார்த்து ஃபோகஸ் பண்ணுவாங்க. அப்புறம் கண்ணாடி போய் அங்கே தகடு வரும். படம் விழற இடத்திலேயே பார்க்கறதால் ஏமாற வழி குறைவு. எதிரில் இருப்பவர் ஆடாம இருக்க நாற்காலி, சாய்மானம், தலைக்குப் பின்னால் ஒரு இரும்புத் தாங்கி.

எஸ்எல்ஆர் வந்ததும் அந்த ஒத்திடம் பிரிஞ்சது. நீங்க பார்க்கறது மேலே உள்ள திரையில். ஆட்டோஃபோகஸ் அளக்கறது காமிராவின் அடியில் உள்ள தனி சென்சாரில். படம் விழறது பின்னால். மூணு தூரமும் இம்மி பிசகாம ஒண்ணா இருக்கணும். 1985ல மினோல்டா 7000 ஆட்டோஃபோகஸை எல்லார் கைக்கும் கொண்டு வந்தது. 1987ல கேனான் மோட்டாரை லென்ஸுக்குள்ளேயே வச்சது. நிக்கான் காமிரா உடம்பில் வச்சது. 2006ல விலை குறைஞ்ச டி40 வந்தப்போ அந்த மோட்டாரையே எடுத்துட்டாங்க. அதனால் பழைய 50 எம்எம் எஃப் 1.8டி லென்ஸ் அதில் தானா ஃபோகஸ் ஆகாது. கையால் திருப்பலாம்னா, சின்ன காமிராக்களின் திரை எஃப் 1.8ன் உண்மையான மெல்லிய ஆழத்தைக் காட்டாது. லென்ஸ் கொஞ்சம் தள்ளி ஃபோகஸ் பண்ணினா திருத்திக்கற வசதியும் ஆரம்ப நிலை டிஎஸ்எல்ஆர்களில் பெரும்பாலும் கிடையாது.

கணக்கையும் பார்த்துடலாம். இந்த மாதிரி காமிராவில் 50 எம்எம், எஃப் 1.8, ஒன்றரை மீட்டர் தூரம்னா கூர்மையான ஆழம் மொத்தம் 6 செ.மீ. முன்னால 3, பின்னால 3. நடுப்புள்ளியில் ஃபோகஸ் பூட்டிட்டு 10 டிகிரி காமிராவைத் திருப்பினாலே 2 செ.மீ. போச்சு. மிச்சத்தை அம்மாவின் மூச்சும் உங்க ஆட்டமும் தின்னுடும்.

அதனால், அடுத்த லீவுக்கு:

முதல்ல அவங்களைச் சாய்மானமுள்ள நாற்காலியில், ஜன்னல் பக்கம் உட்கார வைங்க. இரும்புத் தாங்கி வேண்டாம் :-)

எஃப் 2.8 வைங்க, ஆழம் 9 செ.மீ.க்கு மேல் கிடைக்கும். பின்னணி அப்பவும் கலங்கித்தான் இருக்கும்.

எல்லாப் புள்ளியையும் காமிரா கிட்ட விட்டுடாம, கண்ணுக்குக் கிட்டே இருக்கற ஒரே புள்ளியை நீங்களே தேர்ந்தெடுங்க.

லைவ் வியூ இருந்தா, ஸ்டாண்டில் வச்சு, பக்கத்துக் கண்ணைப் பெரிசாக்கி ஃபோகஸ் பண்ணுங்க. அங்கே சென்சாரே பார்க்குது. அதாவது தீன் தயாளின் கறுப்புத் துணி திரும்பி வந்தாச்சு. இன்றைய மிரர்லெஸ் காமிராக்கள் கண்ணைத் தானே பிடிக்கறதும் இதே அடிப்படையில்தான்.

அப்புறம் ஊரை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடி, அங்கேயே பெரிசாக்கிப் பாருங்க. கண்ணு சரியில்லைன்னா அம்மா இன்னொரு தரம் சலிக்காம உட்காருவாங்க. அவங்களும் இருக்கும்போதே, நாமளும் அங்கே இருக்கும்போதே எடுத்துடணும்.