எந்தக் கம்பெனி சர்வீஸ்?

சென்னை மாநகராட்சி மன்றத்தில் குப்பை பேசப்படாத கூட்டம் அபூர்வம். வண்டி வரவில்லை, தொட்டி வழிகிறது, ஆள் போதவில்லை என்று கவுன்சிலர்கள் கட்சி வேறுபாடின்றிப் புகார் சொல்வார்கள். கம்பெனிக்கு அபராதம் விழும், அல்லது கம்பெனியே மாறும். கால் நூற்றாண்டாக இதுதான் கதை.

தொடக்கம் 2000. மு.க. ஸ்டாலின் மேயராக இருந்த காலம். அன்றைய 10 மண்டலங்களில் மூன்று, பிரெஞ்சு நிறுவனமான ஓனிக்ஸுக்குப் போயின. புது வண்டிகளையும் புதுச் சீருடையையும் பார்த்து நடுத்தர வர்க்கம் மகிழ்ந்தது. அள்ளும் குப்பையின் எடைக்கு ஏற்பப் பணம் என்பது ஏற்பாடு. டன்னுக்குக் காசு என்றால் என்ன நடக்கும்? கட்டட இடிபாட்டையும் மண்ணையும் ஏற்றி எடை கூட்டுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு வந்தது. 2007இல் நீல் மெட்டல் ஃபனால்கா, பிறகு ராம்கி, 2020இல் 7 மண்டலங்களுக்கு உர்பேசர் சுமீத். இம்முறை எடைக்குப் பதில் வேலையின் தரத்தை அளந்து பணம் என்றார்கள். ஆக, மன்றம் பாடம் கற்றுக்கொள்ளாமல் இல்லை. கம்பெனிக்கு எப்படிப் பணம் தருவது என்பதில் மட்டும் கற்றுக்கொண்டது.

களப்பணியில் ஓர் அக்காவைச் சந்தித்தேன். "எத்தனை வருஷ சர்வீஸ்க்கா?" என்றேன். "எந்தக் கம்பெனில கேக்குற?" என்று திருப்பிக் கேட்டார். அரிசி டப்பாவுக்குள்ளிருந்து மூன்று அடையாள அட்டைகளை எடுத்துக் காட்டினார். தெருவும் துடைப்பமும் அதேதான். ஒவ்வோர் அட்டையிலும் அவர் புது ஆள்.

24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981லேயே சட்டம் இருக்கிறது. கம்பெனி மாறினால் நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். மாநகராட்சி தானே நடத்திய மண்டலங்களில் வேறு வழி: தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ், சுய உதவிக் குழு வழியாக வேலை. விடியற்காலையில் குப்பை அள்ளுகிறவர் காகிதத்தில் தொழிலாளியே அல்ல, குழு உறுப்பினர். 2020இல் 'துப்புரவு' போய் 'தூய்மைப் பணியாளர்' என்று பெயர் மட்டும் மாறியது.

2025 ஆகஸ்ட் 1 அன்று ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் தலித்துகள். அந்த இரு மண்டலங்களும் தனியாருக்குப் போயின. சுமார் 23,000 ரூபாய் சம்பளம் 17,000க்கும் கீழே இறங்கும் என்றார்கள். 2021 தேர்தலில் தரப்பட்ட நிரந்தர வாக்குறுதியை நினைவூட்டினார்கள்.

நம்மவர்களுக்குள்ளேயே ஒரு வாதம் வந்தது: நிரந்தரம் கேட்பது சாதித் தொழிலையே நிரந்தரமாக்குவது ஆகாதா? இதை எளிதாக ஒதுக்க எனக்கு மனமில்லை. தலைமுறை தலைமுறையாக மலமும் குப்பையும் சுமந்த சமூகத்தின் கோபம் அதில் இருக்கிறது. ஆனால் நான் பார்த்தவரை, இந்தத் தொழிலை விட்டு வெளியேறிய பிள்ளைகள் யார்? நிரந்தர வேலையில் இருந்த அப்பனின், ஆயாவின் பிள்ளைகள். பி.எஃப். பணத்தில் கல்லூரிக்குப் போனார்கள். பென்ஷனில் பாட்டி பேத்தியை நர்சிங் படிக்க வைத்தாள். ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்யும் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனால், மறுநாள் பத்தாவது படிக்கும் மகள்தான் துடைப்பத்தோடு போகிறாள். தனியார்மயம் சாதியை எங்கே ஒழித்தது? அள்ளுகிற கை அதே சேரியிலிருந்துதான் வருகிறது. அரசு வேலை என்ற பாதுகாப்பு மட்டும்தான் பறிபோனது.

13ஆம் நாள், நடைபாதையை விட்டு அகற்றலாம் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அன்று நள்ளிரவே போலீஸ் அவர்களைப் பேருந்துகளில் ஏற்றியது. 25 ஆண்டுகளுக்கு முன் மேயராக இருந்தவர் அப்போது முதல்வர். மறுநாள் அமைச்சரவை கூடி, தூய்மைப் பணியாளர்களுக்கு இலவசக் காலை உணவு, காப்பீடு, வீடு என்று திட்டங்களை அறிவித்தது. நிரந்தரம் அந்தப் பட்டியலில் இல்லை.