ஓடாத தேரும் ஊர்வலம் போன குதிரையும்

குன்றாண்டார்கோவில் குடைவரைக்கு முன்னால் நூற்றுக்கால் மண்டபத்தையே தேராக்கி நிறுத்திய சிற்பியையும், அதே புதுக்கோட்டைச் சீமையில் அய்யனாருக்கு மண்குதிரை செய்யும் குயவரான வேளாரையும் அருகருகே வைத்துப் பார்ப்பது முதலில் பொருந்தாத யோசனையாகவே படும். முன்னது விஜயநகரக் காலக் கருங்கல் பணி. நூற்றாண்டுகள் கடந்தும் நிற்பது. பின்னது, நேர்ந்துகொண்டவர்கள் மண்குதிரை செலுத்தும் புரவி எடுப்பு விழா ஒவ்வொன்றுக்கும் புதிதாகப் பிறப்பது. நேர்ந்தவர் காலத்திலேயே காது உடைந்து, கால் சாய்ந்து மண்ணோடு சேர்வது. ஆனால் இரண்டிடத்திலும் நிற்பது குதிரை. இரண்டையும் பார்த்து நாம் கேட்க வேண்டியதும் ஒன்றே: இந்தக் கைகளுக்கு உருவம் எங்கிருந்து கிடைத்தது?

சிற்பிக்கு அது தேரோடும் வீதியில் கிடைத்தது. தேர் தச்சனுடைய பொருள். அச்சும் சக்கரமும் சட்டமும் மரத்தின் தேவையால் உண்டானவை. கல்மண்டபத்துக்கு இவற்றில் ஒன்றும் வேண்டியதில்லை. அது எங்கும் போகப் போவதில்லை. ஆயினும் சக்கரத்தைக் கல்லில் வடித்து, இழுக்கக் குதிரைகளையும் பூட்டினார்கள். தாராசுரத்தில் 12ஆம் நூற்றாண்டிலும் கோணார்க்கில் 13ஆம் நூற்றாண்டிலும் எழுந்த அதே ஆசைதான் இங்கே ஒரு சிற்றூர்க் குன்றின் அடியிலும் எழுந்திருக்கிறது.

இதே மாவட்டத்து ஆவுடையார்கோயில் கொடுங்கையை அண்ணாந்து பார்த்தவர்களுக்கு இந்த ஆசை புதிதல்ல. வளைந்து இறங்கும் அந்தக் கல்கூரையின் அடியில் மரச்சட்டங்கள் கல்லாகவே ஓடுகின்றன. சட்டங்களை இறுக்கிய ஆணிகளின் குமிழ்கள்கூடக் கல்லிலேயே இருக்கின்றன. அந்த ஆணி எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. வேலை ஒப்புக்கொள்ளும் ஸ்தபதிகள், ஆவுடையார்கோயில் கொடுங்கை போன்ற சிலவற்றை நீக்கி மற்றதெல்லாம் செய்து தருவோம் என்று எழுதிக் கொடுப்பார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. கல்லில் மிகக் கடினமான வேலையென்று பேர் வாங்கியது, தச்சுப்பட்டறையில் தினமும் காணக்கூடிய ஒரு காட்சி என்பதுதான் என்னை வியக்க வைக்கிறது.

வேளார் அடுத்த பட்டறையை எட்டிப் பார்க்கவில்லை. அவருக்கு உருவம் தம் பானையிலிருந்தே கிடைத்தது. கண்மாய் மண்ணோடு மணலும் உமியும் சேர்த்துப் பிசைந்து, முதலில் நான்கு கால்களை எழுப்புகிறார். அவை உள்ளீடற்ற குழாய்கள். அவை ஓரளவு உலர்ந்து பாரம் தாங்கும்வரை காத்திருந்து, அவற்றின்மேல் வயிறு, வயிறு இறுகியபின் கழுத்து, கடைசியில் தலை. கனமான திரள்மண் சூளையில் வெடித்துவிடும். ஆகவே குதிரையும் பானையைப் போல உள்ளே வெறுமையாகத்தான் இருந்தாக வேண்டும். அந்த உருண்ட வயிற்றைத் தட்டிப் பார்த்தால் ஒரு தானியக் குதிரின் ஒலிதான் கேட்கும்.

இங்கே வேறுபாடு கூர்மையாகிறது. கல்தேரின் சக்கரம் தேவை போனபின்னும் விடாமல் வைத்துக்கொண்ட நினைவு. மண்குதிரையின் வெறும் வயிறோ நெருப்பு விதித்த தேவை. சிற்பி பிறர் தொழிலின் அன்றாடத்தைக் கடன் வாங்கினார். வேளார் தம் தொழிலின் அன்றாடத்தையே நீட்டித்தார். இரண்டில் எதற்கு அதிகத் துணிவு வேண்டும் என்று கேட்டால் நான் வேளார் பக்கம் சாய்வேன். தேரைப் பார்த்துத் தேர் செய்யலாம். குதிரையைக் காண்பதே அரிதான ஊரில், பானையைப் பார்த்துக் குதிரை செய்வது வேறு வகைக் கண். அந்தக் குதிரையின் கழுத்து மணிச்சரத்தைக் கவனியுங்கள். மாட்டுப் பொங்கலன்று காளைக்குக் கட்டும் மணியும் சலங்கையுமே அங்கே ஏறியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அரபு நாட்டிலிருந்து கப்பலேறி வந்த விஜயநகரப் படைக்குதிரை சிற்பியின் காலத்துப் பெருமை. அய்யனாரின் புரவியோ உழவனின் தொழுவத்து நகையைப் பூண்டு இரவுக் காவலுக்குக் கிளம்புகிறது.

எதிர்பாராத உறவு அசைவில் இருக்கிறது. தேருக்குச் சக்கரம் உண்டு, ஓட்டம் இல்லை. மண்குதிரைக்குச் சக்கரம் இல்லை, ஆனால் அது ஒரே ஒரு நாள் நடக்கிறது. ஊரார் வேளாரிடம் பிடிமண் கொடுத்து வேலையைத் தொடங்கிவைக்கிறார்கள். உருவம் முடிந்ததும், செய்த இடத்திலிருந்து அய்யனார் திடல்வரை தோள்மேல் ஊர்வலம். அங்கே இறக்கி வைத்தபின் அதுவும் கல்தேரைப் போலவே அசையாது. ஓடுவதற்கென்று உள்ள இரண்டை நிற்பதற்காகவே செய்திருக்கிறார்கள். இரண்டிலும் ஏறிச் செல்பவன் தெய்வம் என்பதால் யாருக்கும் அது குறையாகத் தோன்றவில்லை.

இதே மாவட்டத்துக் குளமங்கலத்தில் இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஒன்று உண்டு. முப்பது அடிக்கு மேல் உயரமான அய்யனார் குதிரை. சுடுமண் அல்ல, கட்டியெழுப்பியது. மாசி மகத்தன்று மக்கள் கொண்டுவரும் காகிதப் பூமாலைகளில் அதன் உடலே மறைந்துபோகும். காகிதத்தை மடித்துப் பூவாக்கும் அந்த எளிய கைவேலையும் இந்த வரிசையில் சேர்க்கத் தகுந்ததே.

கைவேலை பழக விரும்பும் பலர் மாதிரி தேடித் தொலைதூரத்துப் படங்களைப் புரட்டுவதை அடிக்கடி காண்கிறேன். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். கீரனூர்ப் பக்கம் போனால் குன்றாண்டார்கோவிலில் இறங்கித் தேர்ச்சக்கரத்தின் முன் சற்று நில்லுங்கள். திரும்பும் வழியில் ஏதாவது ஓர் அய்யனார் திடலிலும் நில்லுங்கள். அங்கே உடைந்து கிடக்கும் பழங்குதிரை ஒன்றின் வயிற்றுக்குள் குனிந்து பாருங்கள். செய்தவரின் விரல் தடங்கள் உட்சுவரில் அப்படியே இருக்கும்.