பாவையாட்டியும் போதகரும்

பாவைக்கூத்தை விட்டு ஒருவர் மதபோதனைக்குப் போனார் என்றால், கலையை உதறிவிட்டார் என்றுதான் நமக்குத் தோன்றும். ஜாவாத் தீவின் வயாங் தோல்பாவைக்கூத்தில் இந்தக் கணக்கு சரிவராது. பாவையை ஆட்டிக் கதை சொல்லும் டாலாங் அங்கே பழங்காலத்திலிருந்தே பாதி பூசாரி. பாலிதுங் மன்னன் காலத்து கி.பி. 907ஆம் ஆண்டுச் சாசனம், இளம் வீமன் கதையைத் தெய்வத்துக்காக வயாங்காக நடத்தியதைச் சொல்கிறது. இஸ்லாம் அங்கே வேரூன்றப் பல நூற்றாண்டுகள் இருந்தன. அது பரவிய காலத்தில், அதைப் பரப்பிய ஒன்பது வலிமார்களில் (இறைநேசர்களில்) ஒருவரான சுனான் காலிஜாகா தாமே பாவையாட்டினார், பார்க்க வந்தவர்களிடம் காசுக்குப் பதில் இஸ்லாத்தின் உறுதிமொழியான கலிமாவைச் சொல்லச் சொன்னார் என்பது ஜாவா மக்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. சாவு வராமல் அலைந்த தருமரின் கையிலிருந்த ஏட்டை அவர் படித்துக்காட்டினாராம். அதில் இருந்ததும் கலிமாதான், அதன் பிறகே தருமர் உயிர் பிரிந்தது என்கிறார்கள். பாண்டவரைப் பகைக்காமலே புது மதத்துக்கு இடம் பிடித்த சாமர்த்தியம்!

இவையெல்லாம் பிற்காலக் கட்டுக்கதை என்று மறுக்கலாம். மறுப்பு நியாயமானது, காலிஜாகாவைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் அவர் காலத்துக்கு வெகு பின்னால் வந்தவை. இருந்தும், மதம் கொண்டுவந்த பெரியவரைக் கூத்துக்காரராகக் காட்ட அந்தச் சமூகம் கூசவில்லையே, அதுவே நல்ல சான்று. கூட்டம் சிரிப்புக்குத்தானே வருகிறது என்பது அடுத்த மறுப்பு. டாலாங் சம்மணமிட்டு உட்கார்ந்து, எருமைத்தோல் பாவைகளை வாழைத்தண்டில் குத்தி நிறுத்தி, கால்விரலிடுக்கில் பிடித்த கட்டையால் பெட்டியைத் தட்டித் தாளம் காட்டி, விடியவிடிய ஒற்றை ஆளாக எல்லாக் குரலும் பேசுகிறார். நள்ளிரவுக்கு மேல் செமாரும் அவன் பிள்ளைகளும் கோமாளித்தனம் செய்ய வருவார்கள். தொப்பை தள்ளிய அந்த வேலைக்காரச் செமார் உண்மையில் ஒரு தெய்வம். ஊர் வம்பும் உபதேசமும் அவன் வாயிலிருந்தே வருகின்றன. சிரிப்பையும் போதனையையும் பிரிக்க அங்கே வழியில்லை.

வேதத்தை முன்னிறுத்தியே கூத்தைக் கட்டிப் பார்த்ததும் உண்டு. 1960இல் சுராகர்த்தாவில் கத்தோலிக்கத் துறவி ஒருவர் விவிலியக் கதைகளுக்கென வயாங் வாஹ்யுவை உருவாக்கினார். அது பெரும்பாலும் கிறிஸ்தவ வட்டத்துக்குள்ளேயே நின்றது. தெகால் ஊர் டாலாங் எந்துஸ் சுஸ்மோனோவோ இஸ்லாமிய போதனைக்கான வயாங் சந்த்ரியில் லுபித், ஸ்லெந்தெங் என்ற கோமாளிகளைப் பேசவிட்டார். கூட்டம் அலைமோதியது. 2014இல் அவர் தெகால் மாவட்டத்தின் தலைவராகவே பதவியேற்றார்.